பூச்சி சார்

இலையில் ஓட்டை விழுந்தால் தோட்டம் போட்டவர்கள் வேப்பெண்ணெய்க் கரைசலைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். பூச்சி சார் செல்போனைத் தூக்கிக்கொண்டு ஓடுவார், படம் எடுக்க. ஒரு வாரம் எந்த இலையிலும் ஓட்டை விழவில்லை என்றால் அவருக்குச் சோறு இறங்காது. "செடியெல்லாம் பளபளன்னு இருக்கே சார்" என்று விவரம் தெரியாதவர் யாராவது பாராட்டிவிட்டால், "அதான் சார் எனக்கும் கவலையா இருக்கு" என்பார்.

கே.கே. நகரில் செக்டாருக்கு ஒருவராவது இப்படி இருக்கிறார். வங்கியிலோ பொதுப்பணித் துறையிலோ காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். அப்பா கட்டிய தனி வீடு, இப்போது கீழே கார் நிறுத்த இடமும் மேலே நான்கு மாடியுமாக உயர்ந்திருக்கும். பில்டரோடு போட்ட ஒப்பந்தத்தில் அவர் பங்குக்கு வந்தது இரண்டு ஃபிளாட். மதிலை ஒட்டி நாலடி அகலத்துக்கு ஒரு மண் துண்டு யாருக்கும் பங்காகாமல் மிஞ்சிப்போனது. அதில்தான் அவர் காடு வளர்க்கிறார்.

இந்த ரகத்து மனிதர்கள் சென்னையில் மளமளவென்று முளைத்தது 2016 டிசம்பர் 12-க்குப் பிறகு. அன்றைக்கு வர்தா புயல் அடித்து, தெருத்தெருவாக மரங்களைச் சாய்த்துப் போட்டது. மறுநாள் பால் பாக்கெட் வாங்கப் போனவர்கள் கிளைமேல் ஏறி இறங்கிப் போனார்கள். பூச்சி சாருடைய காரின் மேல் படுத்திருந்தது ஒரு குல்மோஹர். அதன் பூர்வீகம் மடகாஸ்கர் என்று பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவன் சொல்லித் தொலைத்தான். "எந்தத் தீவுலேருந்தோ வந்து என் கார் மேல விழணும்னு அதுக்கு என்ன தலையெழுத்து?" என்று அன்று கேட்டவர்தான். இன்ஷூரன்ஸ் பணம் வந்துவிட்டது, கோபம் போகவில்லை. தூங்குமூஞ்சி மரம் தென் அமெரிக்கா, போகன்வில்லா பிரேசில், மணி பிளான்ட் பசிபிக் தீவு என்று தெருவில் ஒவ்வொன்றின் பாஸ்போர்ட்டையும் வாங்கிப் பார்க்க ஆரம்பித்தார். அதே புயலில் வேம்பும் புங்கையும்கூட விழுந்தன, வேரைச் சுற்றி சிமென்ட் பூசினால் எந்த ஊர் மரமும் விழும் என்று எடுத்துச் சொன்னால் மட்டும் அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்.

பிறகு படிப்பு. 'நிழல்' அமைப்பினர் நடத்தும் மர நடைகளுக்குத் தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாகப் போனார். குப்பை கொட்டிக் கிடந்த கோட்டூர்புரம் ஆற்றங்கரையை அவர்கள் ஊர்க்காரர்களோடு சேர்ந்து மரப் பூங்காவாக்கியதைக் கண்டு வாயடைத்துப் போனார். அடுத்து அடையாறு தொல்காப்பியப் பூங்கா. கழிவும் குப்பையுமாக நாறிய கழிமுகத்தில் 58 ஏக்கரைச் சீராக்கி, இந்தக் கடற்கரை மண்ணுக்கே உரிய மரஞ்செடிகளை நட்டு, 2011-இல் திறந்தார்கள். சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது, "அவங்க 58 ஏக்கர்ல பண்ணினதை நான் நாலடியில பண்றேன்" என்று சூளுரைத்தார். ஆட்டோக்காரர் மட்டும் கேட்டார்.

அவருடைய வாதம் ரொம்ப நேரானது. புழுக்களுக்கு நாக்கு நீளமில்லை. ஒவ்வொரு வகையும் தலைமுறை தலைமுறையாகத் தின்று பழகிய சில செடிகளைத்தான் தின்னும். குரோட்டன்ஸை நம்ம ஊர்ப் புழு சீண்டாது. புழு இல்லையென்றால் வண்ணத்துப்பூச்சி இல்லை. தையல்சிட்டும் தேன்சிட்டும் குஞ்சுக்கு ஊட்டுவது புழு பூச்சியைத்தான்; அதுவும் இல்லையென்றால் அவை கூடு கட்ட வேறு தெரு பார்க்கும். ஆகவே தோட்டத்தில் முதலில் வளர வேண்டியது புழு. பிரசங்கத்தின் இந்த இடத்தில்தான் கேட்பவர்களுக்கு வீட்டில் பால் பொங்குவது ஞாபகம் வரும்.

நஷ்டம் முழுவதும் அவர் மனைவிக்கு. வீட்டில் மூன்று கறிவேப்பிலைக் கன்று உண்டு. மூன்றும் மொட்டை. எலுமிச்சை அழகி என்ற வண்ணத்துப்பூச்சி அதில் முட்டை வைக்கிறது. பொரிந்த புழு முதலில் பறவை எச்சம் போலவே கிடந்து எதிரியை ஏமாற்றுகிறது. வளர்ந்ததும் பச்சையாகி, தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறக் கொம்பை நீட்டி நாற்றம் விடுகிறது. ரசம் கொதிக்கும்போது அம்மாள் ஒரு ஈர்க்கு கறிவேப்பிலை கேட்டால், "அதுல ஒரு குடும்பம் குடியிருக்கு" என்று பதில் வரும். "எத்தனை நாள்ல காலி பண்ணும்?" "கூட்டுப்புழு ஆகட்டும்." மூன்று கன்றுக்குச் சொந்தக்காரியான அந்த அம்மாள், தள்ளுவண்டிக்காரரிடம் கத்தரிக்காய்க்குக் கொசுறாகக் கறிவேப்பிலை கேட்டு வாதாடுவதைத் தெருவே பார்த்திருக்கிறது.

ஒருநாள் அந்த அம்மாள் பதிலுக்குக் குறுக்கு விசாரணை செய்தார்.

"நம்ம ஊர்ச் செடி, நம்ம ஊர்ச் செடிங்கறீங்களே, புளி எந்த ஊரு?"

"ஆப்பிரிக்கா. ஆனா ரொம்ப காலத்துக்கு முன்னாடியே வந்தாச்சு."

"மிளகாய்?"

"அமெரிக்கா. போர்த்துக்கீசியன் கொண்டுவந்தான்."

"தக்காளி?"

"அதுவும் அங்கதான்."

"காலையில ரெண்டு டம்ளர் குடிச்சீங்களே, காபி?"

பூச்சி சார் யோசித்து, வயிற்றுக்குள் போவதற்குத் தாவரவியல் பொருந்தாது என்று தீர்ப்பளித்தார். அத்தோடு அந்த அம்மாள் விடவில்லை. சிவன் கோயில்களில் பக்தியோடு வளர்க்கிற நாகலிங்க மரம் எந்த ஊர் என்றார். அது தென் அமெரிக்கா என்பது அவருக்குத் தெரியும். சொல்வதற்கு முன் பூஜை அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

இதைவிடப் பெரிய தர்மசங்கடம் தெருமுனையில் நிற்கிறது. கே.கே. நகரில் பறவைகள் கூட்டமாக மொய்க்கும் மரங்களில் ஒன்று சிங்கப்பூர் செர்ரி. யாரும் நடாமல் தானாக முளைத்து, வருடம் முழுவதும் பழுத்து, குயிலுக்கும் கொண்டைக்குருவிக்கும் பகலிலும் வௌவாலுக்கு இரவிலும் பந்தி போடுகிறது. பெயரில்தான் சிங்கப்பூர், பிறப்பு வெப்பமண்டல அமெரிக்கா. பறவை பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகளை பூச்சி சார் அந்த முனை வராமல் சுற்றுவழியில் அழைத்துப் போவார். ஆனால் தொலைநோக்கியை மாட்டிக்கொண்டு தனியாகப் போகிற காலைகளில் அவர் நிற்பது அதன் அடியில்தான்.

எருக்கஞ்செடி விவகாரம் தனி. மதில் ஓரம் அவர் எருக்கு நட்ட அன்று, முதல் மாடிப் பாட்டி பதறிப்போய் இறங்கி வந்தார். "ஏம்ப்பா, வீட்டுல எருக்கு முளைக்கட்டும்னு ஆகாதவங்களுக்குச் சாபம் விடுவாங்க. நீ காசு கொடுத்து வாங்கிட்டு வந்து வைக்கிறியே?" வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு எருக்கிலையைத் தின்று, அந்தப் பாலின் விஷத்தை உடம்பிலே சேர்த்து வைத்துக்கொள்ளும், அதனால் பறவைகள் அதைத் தொடுவதில்லை என்று அவர் விளக்கினார். விஷம் என்ற சொல் மட்டும் பாட்டி காதில் விழுந்தது. அடுத்த வாரம் முழுவதும் சுவரோரம் நடக்கவில்லை. விநாயகர் சதுர்த்தி வந்தது. கடையில் எருக்கம்பூ மாலை விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பிய பாட்டி, இருட்டு விலகுமுன் கிண்ணத்தோடு செடியருகே நின்றார். அதிலிருந்து பாட்டிதான் எருக்குக்குக் காவல்.

தெருவோடு அவருக்கு நிரந்தர வழக்குகள் சில உண்டு. வாசலில் அவர் நட்டு ஆளுயரத்தைத் தாண்டிய புங்கையின் நிழலில் கார் நிறுத்த நான்கு பேர் போட்டி போடுவார்கள். கோடையில் அதே புங்கை கார் மேல் பூவைக் கொட்டினால் அதே நான்கு பேர் சண்டைக்கு வருவார்கள். அந்த நிழலில் இஸ்திரி வண்டி போட்டவர் மட்டும் புகார் சொன்னதில்லை. பூவைக் கூட்டி மரத்தடியிலேயே தள்ளிவிடுவார். மழைக்காலத்தில் பக்கத்து வீட்டு முருங்கையில் கம்பளிப்பூச்சி அடை அடையாக ஏறியதும், தெருவே இவர் வாசலில் வந்து நின்றது. "சார், உங்க ஆளுங்க வந்திருக்காங்க." அது அந்துப்பூச்சி இனம், தன்னுடைய துறை வண்ணத்துப்பூச்சி என்று அரசாங்க அலுவலக பாணியில் கை விரித்துப் பார்த்தார். செல்லவில்லை. இவர் தலைமையிலேயே தென்னை மட்டையைக் கொளுத்திக் காட்டினார்கள். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

கொசு ஒழிப்புக்கு மாநகராட்சியிலிருந்து வரும் பெண்ணோடு நடப்பது தர்க்க யுத்தம். பறவை குடிக்க அவர் மண் சட்டியில் தண்ணீர் வைப்பார். அந்தப் பெண் வந்ததும் கவிழ்ப்பாள். டெங்கு பரப்பும் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும் என்பது அவள் கட்சி. தட்டான் குஞ்சு தண்ணீருக்குள் கொசுப்புழுவைப் பிடித்துத் தின்னும் என்பது இவர் கட்சி. "தட்டான் வந்ததும் சொல்லி அனுப்புங்க சார், அதுவரைக்கும் நான் கொட்டறேன்" என்று கொட்டிவிட்டுப் போனாள். இப்போது தினமும் காலையில் தண்ணீர் மாற்றுகிறார். இதைத்தான் அவள் முதல் நாளே சொன்னாள்.

செடிகளின் லத்தீன் பெயரெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆனால் மதில் ஓரம் தானாக முளைத்த ஒரு படர்கொடியை அடையாளம் தெரியாமல் பூதக்கண்ணாடி வைத்து ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தபோது, பாத்திரம் துலக்க வரும் அம்மா குனிந்து பார்த்து, "மூக்கிரட்டை சார், கூட்டு வைப்போம்" என்று சொல்லி இரண்டு கைப்பிடி கிள்ளி முந்தானையில் முடிந்துகொண்டார். திருவண்ணாமலைப் பக்கத்துக் காட்டில் களை பிடுங்கி வளர்ந்தவர். கீழாநெல்லி, குப்பைமேனி, தும்பை என்று நாலடி மண்ணில் அவர் காட்டிக் கொடுத்தவை அதிகம். இப்போது பூச்சி சாருக்கு வாரம் ஒருமுறை வகுப்பு நடக்கிறது. அன்று பாத்திரம் கொஞ்சம் தாமதமாகத் துலங்கும்.

கடைசியில் பிரச்சினை ஃபிளாட் சங்கக் கூட்டத்துக்கு வந்தது. மதில் ஓரப் புதரை வெட்டிவிட்டு டைல்ஸ் பதித்து, அழகுக்கு நாலு குரோட்டன்ஸ் தொட்டி வைத்தால், இன்னும் ஆறு ஸ்கூட்டர் நிறுத்தலாம் என்பது செயலாளரின் தீர்மானம். கே.கே. நகரில் ஆறு ஸ்கூட்டருக்கு இடம் என்றால் அண்ணன் தம்பி உறவையே விட்டுக்கொடுப்பார்கள். பூச்சி சார் 58 ஏக்கரிலிருந்து தொடங்கிப் பேசினார். மூன்று பேர் செல்போனை எடுத்தார்கள்.

ஆனால் முதலில் எழுந்தவர் பாட்டி. "பிள்ளையார் செடி மேல கை வச்சீங்கன்னா பாருங்க." மூன்றாம் மாடிச் சிறுமி, தன் கூட்டுப்புழு இன்னும் திறக்கவில்லை, பள்ளியில் காட்ட வேண்டும் என்று அழுகைக்குத் தயாரானாள். இஸ்திரிக்காரர் உறுப்பினர் இல்லை. துணியைக் கொடுக்க வந்த சாக்கில் கதவருகே நின்று, "நிழல் போனா நானும் வேற தெருவுக்குப் போகணும்" என்று பொதுவாகச் சொன்னார். நாளைக்குச் சட்டை யார் தேய்ப்பது என்று கூட்டம் சற்று யோசித்தது. அப்படியும் வாக்கு சரிபாதி.

மிச்சமிருந்தது பூச்சி சாரின் மனைவி. கறிவேப்பிலை இழந்தவர், கணவருக்கு எதிராகத்தான் கை தூக்குவார் என்று செயலாளர் நம்பிக்கையோடு திரும்பினார்.

"தாராளமா டைல்ஸ் போடுங்க" என்றார் அந்த அம்மாள். "ஆனா அப்புறம் இவர் காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் வீட்டுக்குள்ளேயே இருப்பார். அதுக்கு சங்கம் பொறுப்பேத்துக்குமா?"

கூட்டத்தில் ஓய்வு பெற்ற கணவர்களைக் கட்டிக் காப்பாற்றுகிற பெண்கள் பலர் இருந்தார்கள். தீர்மானம் கைவிடப்பட்டது. கூட்டம் கலைந்ததும் செயலாளரின் மனைவி தனியாக வந்து, மொட்டை மாடியில் இன்னும் இடமிருக்கிறதா, எங்கள் வீட்டுக்காரருக்கும் அடுத்த மாதம் ரிட்டயர்மென்ட், ஒரு பத்துத் தொட்டி வைத்துக் கொடுத்தால் உபகாரமாக இருக்கும் என்று கேட்டுக்கொண்டார்.