அடுத்த வண்டிக்கு மாமன் சொல்ற ரோசனை

மாப்ளே, நீ அனுப்புன படமெல்லாம் வந்து சேந்துச்சு. ஒவ்வொரு காரும் மூஞ்சியை மட்டும் காட்டிட்டு நிக்குது. கழுவி, மெழுகு போட்டு, பொழுதெறங்கற வெயில்ல. ஒருத்தனும் அடியில படுத்து ஒரு படம் எடுக்கலை. விக்கறவன் எடுக்க மாட்டான், அது அவன் பொழப்பு. வாங்கப்போற நீயும் கேக்கலை பாரு, அங்கதான் உன்ற படிப்பு தெரியுது. ஷெட்டுல ஏற்கெனவே ஒரு எம்ஜிபி போர்த்திப் படுத்திருக்குது. அதுக்குப் பேச்சுத் தொணைக்கு இன்னொண்ணு வேணுங்கறே. வாங்கிப்போடு. வேண்டாம்னு சொல்லி மாமன் எதுக்குக் கெட்ட பேரு எடுக்கோணும்? எதுங்கறதை மட்டும் பேசுவோம்.

உன்ற மனசு ஜாகுவார் ஈ-டைப் மேல இருக்குது, தெரியும். நல்ல மனசு. 1961 மார்ச்சுல ஜெனீவாவுல காட்டுன நாள்ல இருந்து ஒலகமே வாயைப் பொளந்துட்டு நிக்குது, நீ ஒருத்தன் மூடி வெச்சிருந்தா நல்லாவா இருக்கும்? நீ இருக்கற கோவென்ட்ரியிலேயே, பிரவுன்ஸ் லேன்ல செஞ்சது வேற. அன்னிக்கு அதுக்கு வெலை 2,000 பவுனுக்குக் கொஞ்சம் மேல. இன்னிக்கு அந்தக் காசைக் கொண்டுபோனா பானெட்டு கூடக் குடுக்க மாட்டாங்க. மணிக்கு 150 மைல் போகும்னு சொல்லி வித்தாங்க. உனக்கு விட்டிருக்கறது 70. அதுவும் எம்6 ரோட்டுல லாரிக்குப் பின்னால.

ஆனா ஒண்ணு. கிளட்சு தேஞ்சுதுன்னு வெச்சுக்கோ. பானெட்டைக் கழட்டி, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஒண்ணாச் சேத்து வெளிய எடுத்தாத்தான் கிளட்சு மூஞ்சியையே பாக்க முடியும். பின்பிரேக்கு சக்கரத்துகிட்ட இருக்காது. உள்ள, டிஃபரன்ஷியலுக்கு ரெண்டு பக்கமும் ஒட்டிட்டு ஒளிஞ்சிருக்கும். அதை ஒழுங்காச் செய்யோணும்னா பின்னால இருக்கற மொத்த செட்டையும் எறக்கறவங்க உண்டு. நீ கவலைப்படாதே, நீயா எறக்கப்போறே? மெக்கானிக்குக்கும் புள்ளைகுட்டிக இருக்குது, அதுகளும் நல்ல காலேஜுல படிக்கட்டும்.

அடுத்தது ட்ரையம்ஃப் ஸ்டாக். அதுவும் கோவென்ட்ரிச் சரக்குத்தான். 1970-ல வந்துச்சு, 1977-ல கடையைச் சாத்திட்டாங்க. மிச்செலோட்டிங்கற இத்தாலிக்காரர் வரைஞ்சது. அழகுல ஒரு சொட்டுக் கொறை சொல்ல முடியாது. மூணு லிட்டர் வி8, சத்தம் கேட்டா செவுட்டுக்கும் காது வரும். பிளாக்கு வார்ப்பிரும்பு, ஹெட்டு அலுமினியம். சூட்டுல ரெண்டும் ஒரே அளவுக்கு விரியாது. வாட்டர் பம்பை வேற கொண்டுபோயி ஒசரத்துல வெச்சுட்டாங்க. தண்ணி கொறைஞ்சா மொதல்ல காயறது அதுதான். அப்பறம் ஹெட்டு வளையும், கேஸ்கட்டு போகும். சலிச்சுப்போயி அந்த எஞ்சினைத் தூக்கிக் கெடாசிட்டு ரோவர் வி8-ஐ எறக்குனவங்க நெறையப் பேரு. ஒண்ணையும் மறைக்கப்படாது: ரேடியேட்டரைச் சுத்தமா வெச்சு, டைமிங் செயினைக் காலத்துக்கு மாத்தி, தண்ணி அளவைப் பாத்துட்டே இருக்கறவன்கிட்ட ஸ்டாக் சூடாகறதில்லை. ஆனா அப்படி வெச்சிருக்கறவன் அதை விக்கறதில்லை. வெளம்பரத்துக்கு வர்றது யாரோடதுன்னு நீயே ரோசனை பண்ணிக்கோ.

லோட்டஸ் எலான் வேணுமா? காலின் சாப்மன் 1962-ல கொண்டாந்தது. எடையே இல்லாத வண்டி. பாடி ஃபைபர், அதனால துருப்புடிக்காதுன்னு உனக்கு எவனோ சொல்லியிருக்கான். நெசந்தான், காந்தத்தை வெச்சா எங்கயும் ஒட்டாது, உனக்குச் சோலி மிச்சம். அடியில இருக்கற சட்டம் மட்டும் இரும்பு. அதுவும் நீ பாக்க முடியாத எடத்துல மெதுவாத் துருவேறும். இன்னொரு கூத்தும் கேளு: அந்தக் காலத்துல வரி மிச்சம்னு அந்த வண்டியைப் பெட்டியில சாமானா வித்தாங்க, வாங்குனவனே வீட்டுல கோத்துக்கிட்டான். ஆகவே, நீ வாங்கற எலான்ல எந்தப் போல்ட்டை எந்த வாத்தியார் எந்த ஞாயித்துக்கெழமை பாதி முடுக்கிட்டுச் சோறுங்கப் போனாரோ!

போர்ஷே 911-ஐப் பத்தி மாமனுக்குச் சொல்ல அதிகமில்லை. 901-ன்னு பேரு வெச்சாங்க, நடுவுல சைபர் வெச்ச பேரெல்லாம் எங்களோடதுன்னு பெழோக்காரன் சண்டைக்கு வந்தான், 911-ஆச்சு. 1998 வரைக்கும் காத்துலயே ஆறுன எஞ்சின், அதனால ஸ்டாக்குத் தண்ணித் தொல்லை இல்லை. எஞ்சின் பின்னால. பழசுல வளைவுக்குள்ள வேகமாப் போயி, பயந்து காலை எடுத்தீன்னா பின்பக்கம் முன்னால வந்து என்ன விசேஷம்னு கேக்கும். வெலையைக் கேட்டா நீயே காலை எடுத்துருவே.

ஆல்ஃபா ஸ்பைடரை இத்தாலிக்காரன் வெயிலுக்குச் செஞ்சான், நீ மழைக்கு வாங்கறேங்கறே. நல்லாரு.

மாஸ்டா எம்எக்ஸ்-5 பேரைக் கண்டிப்பாச் சொல்லாதே. 1989-ல வந்தது, அந்த எலானை மனசுல வெச்சே செஞ்சது, பத்து லட்சத்துக்கு மேல வித்தாச்சு. அதுல ஒரு பெரிய கொறை: காத்தால சாவியைத் திருப்புனா ஸ்டார்ட் ஆயிரும். அப்பறம் ஞாயித்துக்கெழமை கூட்டாளிகளோட நின்னு நீ எதைப் பேசுவே? அதுலயும் கதவுக்குக் கீழ ஓடற சில்லு பின்சக்கரத்துக்கு முன்னால துருப்புடிக்குதுங்கறது ஒண்ணுதான் உனக்கு ஆறுதல்.

இனி வெளையாட்டை ஓரமா வெச்சுட்டுப் பேசறேன், காதைக் குடு. நீ எஞ்சினைப் பாத்து மயங்கறே. எஞ்சின் செத்தா எழுப்பிரலாம். போர் போட்டு, ரிங்கு பிஸ்டன் மாத்தி, கிராங்கைத் தேச்சு ஒரு வாரத்துல ஓட விடலாம். பாடி செத்தா எழுப்பறது பெரும்பாடு. உங்க ஊர்ல பனிக்காலத்துல ரோட்டுக்கு உப்புப் போடறாங்க. அந்தத் தண்ணி சில்லுக்குள்ள பூந்து உக்காந்துட்டா உள்ளிருந்தே தின்னும். வெளிய பெயிண்டு கல்யாண மாப்பிள்ளையாட்டம் நிக்கும். உன்ற எம்ஜிபிக்குத் தனியாச் சட்டமே கெடையாது, சில்லுதான் வண்டியைத் தாங்குது. அந்த மாதிரி வண்டியை ஜாக்கி வெச்சுத் தூக்கிட்டுக் கதவைத் தொறந்து மூடிப் பாரு. கதவு இடிச்சாலோ, சந்து ஒருபக்கம் பெருத்து ஒருபக்கம் சிறுத்தாலோ, பேச்சை மாத்தி டீ குடிச்சுட்டு ஊடு வந்து சேரு. சின்னக் காந்தத்தைத் துணியில சுத்தி எடுத்துட்டுப் போ. சில்லு, சக்கர வளைவு, கதவோட அடி மூணுலயும் வெச்சுப் பாரு. காந்தம் வழுக்குனா அங்க தகரமில்லை, பட்டிதான் இருக்குது. டிங்கர் கெட்டிக்காரன்னா பட்டியிலயே ஒரு காரைப் பண்ணி வெப்பான். கார்ப்பெட்டைத் தூக்கச் சொல்லு. தூக்க மாட்டேன்னா அதுவே பதில்.

பில்லுக் கட்டு கேளு. தடியா இருந்தா சந்தோசப்படு. வண்டியைப் பிரிச்சுக் கட்டுனவன் போட்ட காசை எந்தக் காலத்துலயும் திருப்பி எடுக்கறதில்லை. அவன் அழுது முடிச்ச எடத்துல நீ வாங்கோணும். மலிவா ஒண்ணைப் புடிச்சு நானே மெதுவாப் பண்ணிக்கறேன்னு மட்டும் சொல்லாதே. உன்ற வீட்டுக் கொழாயில வாசர் மாத்த ஆளு கூப்பிட்டவன் நீ.

சரி, மாமன் கைக்கு எது ஆவும்னு கேக்கறயா? ரெண்டு எஞ்சினை மாமனுக்குக் கண்ணைக் கட்டிட்டாலும் தெரியும். ஒண்ணு உன்ற எம்ஜிபியோடது. பி.எம்.சி. பி-சீரிஸ், 1,798 சிசி. நம்ம அம்பாசடர்ல கெடந்த 1,489 சிசி அதுக்குக் கூடப்பொறந்த அண்ணன். 1955-ல வந்த எம்ஜிஏ-வுக்கு அளவு கூட அதேதான். ஒரே எஞ்சின் அங்க ஸ்போர்ட்ஸ் காரு. இங்க கல்யாணத்துக்கு எட்டுப் பேரையும் ஒரு பொட்டி முறுக்கையும் ஏத்திட்டுப் பழனிக்குப் போச்சு. எம்ஜிபியை 1962-ல இருந்து 1980 வரைக்கும் அஞ்சு லட்சத்துக்கு மேல செஞ்சு தள்ளிட்டாங்க. 1988-ல இருந்து பழைய அச்சுலயே புதுப் பாடி கூட அடிச்சு விக்கறாங்க. அதைச் சாகடிக்கறதுன்னா ரொம்பப் பாடுபடோணும். 1974 கடைசியில அமெரிக்கச் சட்டத்துக்காகக் கறுப்பு ரப்பர் பம்பர் மாட்டி ஒசரத்தையும் ஏத்திட்டாங்களே, அதைக் கண்டா ஆளுக மூக்கைச் சுளிப்பாங்க. அதனாலயே வெலை கம்மி. வெக்கமில்லாதவனுக்கு அது யோகம்.

இன்னொண்ணு ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயரோடது. அதோட தாய் வண்டி ஹெரால்டு. மெட்ராஸுல வண்டலூர்ப் பக்கம் 1961-ல இருந்து ஸ்டாண்டர்டு ஹெரால்டுன்னு செஞ்சு வித்ததே, அதேதான். நம்ம பட்டறைக்கு மில்லுக்காரங்க ஹெரால்டு வரும். பானெட்டு மொத்தமா முன்னால கவுந்துக்கும். முன்டயர் மேல உக்காந்துட்டே வேலை பாக்கலாம். கியர்பாக்ஸை உள்ளாற மூடியைக் கழட்டிச் சீட்டுப் பக்கமாவே தூக்கிரலாம். ஸ்பிட்ஃபயரும் அதே கதைதான். பழசுல வளைவுல பின்சக்கரம் உள்ளாற மடங்கிக்கும், அதை மார்க் 4-ல பாதிக்கு மேல சரி பண்ணிட்டாங்க. ஈ-டைப் வாங்கற காசுல நல்ல ஸ்பிட்ஃபயரை வாங்கிட்டு மிச்சத்துல ஊருல தென்னந்தோப்பு வாங்கலாம். சொன்னாக் கேக்கவா போறே.

நாப்பது வருசம் தாண்டிப் பெருசா மாத்திக் கட்டாத வண்டின்னா உங்க ஊர்ல ரோட்டு வரி இல்லை, எம்.ஓ.டி. சோதனையும் கட்டாயமில்லையாம். நாப்பதுக்கு மேல வரி இல்லைன்னா அந்தச் சட்டத்தை மனுசனுக்கும் போடச் சொல்லுப்பா. சோதனை வேண்டாம்னு சர்க்கார் சொல்லிருச்சு சரி, பிரேக்கும் அதையே சொல்லுதான்னு கேட்டுக்கோ. காசு குடுத்தாவது வருசத்துக்கொருக்கா காட்டிரு. 2021-ல இருந்து அங்க சாதாரணப் பெட்ரோல்ல நூத்துக்குப் பத்துப் பங்கு வரைக்கும் எத்தனால். பழைய ரப்பர் ஓஸை அது அரிச்சுரும், அதனால கொஞ்சம் கூடக் குடுத்து எத்தனால் கம்மியா இருக்கற ஈ5 ஊத்து. ஊருக்கே கொண்டாந்துரலாம்னு ஒரு நெனப்பு இருக்குமே? இங்க அம்பது வருசம் தாண்டுன வண்டிக்கு 2021-ல தனிப் பதிவு வந்துச்சு, நம்பர்ல வி.ஏ.ன்னு ரெண்டு எழுத்து, புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். தெனப்படிக்கு ஓட்டப்படாதாம். அது உனக்கு ஒரு கஷ்டமா? இருக்கறதை வருசத்துல எத்தனை நாள் வெளிய எடுக்கறே?

அம்மிணிகிட்டச் சொல்றப்ப வரி இல்லை, சோதனை இல்லை, லண்டனுக்குள்ள போனாப் பொகைக்குன்னு வாங்கற காசும் இல்லைன்னு மூணையும் மொதல்ல சொல்லு. மூணும் நெசம். வெலையை அவ மூணாவது தடவை கேக்கறப்பச் சொல்லிக்கலாம். எங்க நிறுத்தறதுன்னு கேட்டான்னா மட்டும் மாமன்கிட்டப் பதில் இல்லை. ஏன்னா அவ நேத்தே போன் பண்ணிட்டா. அந்த ஷெட்டுக்கு ஜன்னல் வெச்சு, சூட்டுக்கு ஹீட்டர் போட்டு, ஒறம்பரை வந்தாத் தங்கறதுக்கு ரூமாக் கட்டுனா எப்படின்னு கேட்டா. அருமையான ரோசனை, ஒடனே கட்டுன்னு சொல்லிட்டேன். சித்திரை பொறந்ததும் நானும் உன்ற அத்தையும் வர்றோம்.