ராதா நகர் முதல் ராதாநகர் வரை: வெள்ளிவிழாத் தம்பதியரின் தீவுப் பயணம் குறித்து ஒரு திணையாய்வு

முன்னுரை

தமிழன் காதலித்தால் எங்கே போய் நிற்க வேண்டும் என்பதைத் தொல்காப்பியர் என்றைக்கோ முடிவு செய்துவிட்டார். கூடுவதற்கு மலை. காத்திருப்பதற்குக் காடு. ஊடுவதற்கு வயல். பிரிவதற்குப் பாலை. இரங்கிப் புலம்புவதற்குக் கடற்கரை. இவ்வளவு தெளிவாக இடம் ஒதுக்கித் தந்த பிறகும், கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் ஓட்டிய தம்பதியர் "நாலு நாள் சந்தோஷமா இருந்துட்டு வருவோம்" என்று கடற்கரைக்கு டிக்கெட் எடுப்பது ஏன்? இலக்கணம் தெரியாமலா, தெரிந்தேவா? இக்கட்டுரை அதை ஆராய்கிறது.

ஆய்வுக்களம் அந்தமான். ஆய்வுக்கு உட்பட்டோர் குரோம்பேட்டை ராதா நகரில் வசிக்கும் ஒரு தலைவனும் ஒரு தலைவியும். அகத்திணையில் யார் பெயரையும் சுட்டலாகாது என்பது மரபாதலின் பெயர்கள் விடப்பட்டன. தலைவனுக்கும் இக்கட்டுரையாளனுக்கும் ஆதார் எண் ஒன்றாக இருப்பது தற்செயலே.

முன்னர்க் கடந்த திணைகள்

2000-ஆம் ஆண்டு தை மாதம் திருமணம். தேனிலவு கொடைக்கானல். மலையும் மலைசார்ந்த இடமும் குறிஞ்சி. இலக்கணப்படி சரியான தேர்வு. ஆனால் நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது. 1994-இல் பூத்தது, அடுத்து 2006-இல் பூத்தது. இடையில் போன இவர்கள் பார்த்தது பனிமூட்டத்தையும் வேகவைத்த சோளத்தையும்தான். முதல் கோணல் என்று தலைவி இன்றும் குறிப்பிடுவது இதையே.

பிறகு முல்லை. "ஆபீஸ்ல இருந்து கிளம்பிட்டேன்" என்ற ஒரே சொல்லை நம்பி, ஆறிய தோசையோடு தலைவி காத்திருந்த ஆண்டுகள் இதில் அடங்கும். அடுத்தது பாலை. தலைவன் இரண்டு ஆண்டு ஷார்ஜாவில் வேலை பார்த்தான். இங்கே பாலை உவமை அன்று, நிலவியல். பின்னர் மருதம். செங்கல்பட்டுக்கு அப்பால் வயலாக இருந்து மனையாக மாறிய ஓரிடத்தை வாங்கி, அதை யார் பெயரில் பதிவது என்று ஊடினார்கள். அந்த ஊடல் வில்லங்கச் சான்றிதழில் ஏறவில்லையே தவிர, மற்றபடி நிலுவையில்தான் உள்ளது.

ஆக, நான்கு திணையும் முடிந்தன. மிச்சம் நெய்தல் ஒன்றே.

முதற்பொருள்

முதற்பொருளாவது நிலமும் பொழுதும். முதலில் நிலம். சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டேகால் மணி நேரம் பறந்து போர்ட் பிளேரில் இறங்கினால், அதற்கு 2024 முதல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர். அங்கிருந்து கப்பலில் ஹாவ்லாக். அதற்கு 2018 முதல் சுவராஜ் தீப் என்று பெயர். டிக்கெட்டில் ஒரு பெயர், பலகையில் ஒரு பெயர், டிரைவர் வாயில் ஒரு பெயர். நாலு நாளும் தங்கள் இருப்பிடத்தை ஊருக்குச் சொல்ல முடியாமல் தம்பதியர் "இங்கதான், தீவுல" என்றே சமாளித்தார்கள்.

தேசப்பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகளை ஹாவ்லாக்கில் குடியமர்த்தினார்கள். கோவிந்த நகர், கிருஷ்ணா நகர், ஷியாம் நகர் என்று ஊர்ப்பெயர்கள் அமைந்தன. அவற்றுள் ஒன்று ராதாநகர். அதன் கடற்கரையைத்தான் டைம் இதழ் 2004-இல் ஆசியாவின் மிகச் சிறந்த கடற்கரை என்றது. 2020-இல் நீலக்கொடிச் சான்றும் கிடைத்தது. பெயர்ப்பலகையைத் தலைவி இரண்டு முறை படித்தாள். பிறகு சொன்னாள்: "இருபத்தஞ்சு வருஷத்துக்கு அப்புறம் வெளியூர் கூட்டிட்டு வந்து, மறுபடியும் ராதா நகர்லயே இறக்கி விட்டிருக்கீங்க."

இனிப் பொழுது. நெய்தலுக்குரிய சிறுபொழுது எற்பாடு. பொழுது சாயும் வேளை என்று ஒரு சாரார் பொருள் சொல்வர். இல்லை, பொழுது எழும் வேளை என்று மற்றொரு சாரார் மறுப்பர். இவ்வழக்கைத் தீர்க்க ஹாவ்லாக்கை விடச் சிறந்த களம் இல்லை. மறைவைப் பார்க்க மேற்கே ராதாநகர், உதயத்தைப் பார்க்கக் கிழக்கே காலாபத்தர்.

மறைவை முதலில் சோதித்தோம். அதாவது அவர்கள் சோதித்தார்கள். சென்னைக்கும் ஹாவ்லாக்குக்கும் தீர்க்கரேகையில் பன்னிரண்டு பாகைக்கு மேல் வித்தியாசம். பாகைக்கு நான்கு நிமிடம் என்றால், சூரியன் அங்கே ஏறத்தாழ 50 நிமிடம் முன்னதாகவே கடையைக் கட்டிவிடுகிறது. கடிகாரம் மட்டும் இரண்டு ஊருக்கும் ஒன்று. தை மாதக் கடைசியில் மாலை 5.20-ஐ ஒட்டிப் பொழுது விழுந்துவிடும். தலைவனின் உடம்போ குரோம்பேட்டை நேரத்தில் ஓடுவது: மதியச் சாப்பாடு, "சும்மா கண்ணை மூடிக்கிறேன்", ஐந்து மணிக்குக் காபி, அப்புறம்தான் உலகம். 5.40-க்கு அவர்கள் கடற்கரை வந்தபோது மற்ற எல்லோரும் மணலைத் தட்டிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் உதயம். அலாரம் 4.30-க்கு அடித்தது. அதை அணைத்த கை யாருடையது என்பதில் இருதரப்புச் சான்றுகளும் முரண்படுகின்றன. ஆகவே எற்பாடு எது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் அச்சொல்லைத் தலைவி நெடிலாக்கி வாசித்தாள்: "ஏங்க, என்னதான் ஏற்பாடு பண்ணி வச்சிருக்கீங்க?"

கருப்பொருள்

பூ: மெத்தை மேல் இதய வடிவில் ரோஜா இதழ்கள். தலைவி கேட்ட முதல் கேள்வி, "இதுக்குத் தனியா காசா?" இல்லை என்று உறுதியானதும் இதழ் ஒன்று விடாமல் ஒரு ஜவுளிக்கடைக் கவரில் அள்ளினாள். ஊருக்குப் போய்ச் சாமிக்குப் போடலாம் என்பது முதல் தீர்ப்பு. படுக்கையில் கிடந்த பூ சாமிக்கு ஆகாது என்பது திருத்தப்பட்ட தீர்ப்பு. ஆனாலும் கவர் பெட்டிக்குள் போனது. கட்டில் மேல் வந்தது எதையும் சும்மா விடக்கூடாது என்பதே நடைமுறை.

புள்: நெய்தலுக்கு உரியது கடற்காகம். காணப்பட்டதோ கழுத்தோடு கழுத்து சேர்த்து நின்ற இரண்டு அன்னங்கள், டவலால் ஆனவை. குளித்துவிட்டு வந்த தலைவன் ஆண் அன்னத்தால் தலை துவட்டினான். மற்றது நாலு நாளும் தனியே நின்றது.

உணவு: மீனுக்குப் பேர்போன தீவில், கல்யாண நாள் சனிக்கிழமையில் விழுந்தமையால், புளியோதரை. அது குரோம்பேட்டையிலேயே கட்டப்பட்டது. உடன் முறுக்கு, இட்லிப்பொடி, ஆறு எலுமிச்சம்பழம். "கடலுக்கு நடுவுல போறோம், எலுமிச்சம்பழம் எதுக்கு? ஊறுகாய் போடவா?" என்று புறப்படும்போது தலைவன் நகைத்தது இங்கே பதிவு செய்யப்படுகிறது, பின்னர்ப் பயன்படும்.

பொழுதுபோக்கு: நெய்தல் மகளிர்க்குக் கிளிஞ்சல் பொறுக்குதல். அந்தமானில் அது ஆகாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பவளங்களையும் பல சங்கு வகைகளையும் காக்கிறது. கரையில் கிடந்தது என்றாலும் விமான நிலையச் சோதனையில் பிடித்துக்கொள்வார்கள். பலகையைப் படித்துச் சொன்னதும், முந்தானையில் சேர்த்திருந்த ஏழையும் தலைவி மணலில் திருப்பி வைத்தாள். வீசவில்லை. பெரியதிலிருந்து சிறியது வரை, கரண்டி அடுக்குவதுபோல வரிசையாக வைத்தாள்.

தோழி: தலைவியின் தங்கை, வாட்ஸ்அப் வழியாக. தலைவன் மீதான புகார்கள் படத்துடன் உடனுக்குடன் சென்றன.

பாணன்: டிரைவர். யாருமில்லாத தீவில் தனியாக இருக்கலாம் என்று வந்தவர்களிடம் அவர் திரும்பிக் கேட்டார்: "எந்த ஊரு சார் நீங்க? நமக்குப் பரமக்குடிப் பக்கம்." அடுத்த அரை மணி நேரம் வைகையில் தண்ணீர் வருகிறதா என்பது பற்றியே பேச்சு.

உரிப்பொருள்: ஒரு பாடபேதம்

நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். இவ்வாய்வின் முதன்மையான கண்டுபிடிப்பு, இது ஏடெழுதியவர் பிழையாக இருக்கலாம் என்பதே. இடையின ரகரத்தை வல்லின றகரமாக்கிப் பாருங்கள். கடற்கரைக்கு வந்த தமிழ்த் தம்பதியரிடையே உண்மையில் நடப்பது இறங்கல் பற்றிய பேச்சுதான்.

காட்சி வருமாறு. தலைவி முழங்கால் அளவுத் தண்ணீரில், புடவைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்து நிற்கிறாள். தலைவன் கரையில், இரண்டு ஜோடிச் செருப்பு, ஒரு கைப்பை, இரண்டு செல்போன் இவற்றுக்குக் காவலாக உட்கார்ந்திருக்கிறான்.

"இறங்குங்க."

"செருப்பை யார் பார்த்துக்குறது?"

"இந்தத் தீவுல உங்க செருப்பை யாரு எடுக்கப் போறா?"

தலைவன் இறங்கினான். கணுக்கால் வரை. ஒரு சிற்றலை வந்து அவனை விட்டுவிட்டுச் செருப்பில் ஒன்றைக் கொண்டுபோனது. எடுத்தது யார் என்ற கேள்விக்கு விடை கிடைத்தும் தலைவன் வாதத்தில் வென்றதாகத் தலைவி ஒப்பவில்லை.

றகரப் பாடமே சரி என்று இக்கட்டுரையை இத்துடன் முடித்திருக்கலாம். ஆனால் திரும்பும் கப்பலில் கிடைத்த ஒரு சான்று முடிவை மாற்றிவிட்டது.

கப்பல் புறப்பட்டதும் தலைவன் பக்கத்து இருக்கைக்காரருக்குக் கடல்நோயின் காரணத்தை விளக்கிக்கொண்டிருந்தான். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ஆடுகிறோம் என்கிறது. மூடிய அறையைப் பார்க்கும் கண்ணோ ஆடவில்லை என்கிறது. இரண்டு தகவலும் மோதும்போது மூளை குழம்பி வயிற்றைப் புரட்டுகிறது. தொடுவானத்தைப் பார்த்தால் சரியாகும். விளக்கம் தொடுவானத்தை எட்டியபோது விளக்கியவன் முகம் வெளிறியது.

தலைவி ஒன்றும் கேட்கவில்லை. ஜவுளிக்கடைக் கவரை எடுத்தாள். அதிலிருந்த ரோஜா இதழ்களை மடியில் கொட்டிக்கொண்டு, காலிக் கவரை விரித்துத் தலைவன் முன் பிடித்தாள். மறுகையால் முதுகைத் தடவினாள். பிறகு ஓர் எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி அவன் மூக்கருகே வைத்தாள். ஒன்றரை மணி நேரப் பயணத்தில் மூன்று பழம் தீர்ந்தது. பக்கத்து இருக்கைக்காரர் தொடுவானத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

இரங்கல் என்பதற்கு வருந்திப் புலம்புதல் என்று மட்டுமா பொருள்? மனம் இரங்குதலும் அதுதானே. பாடபேதம் தேவையில்லை, ஏடு எழுதியவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். மலையில் கூடியவர்கள் இருபத்தைந்து வருடம் கழித்துக் கடலில் ஒருவர் வாந்திக்கு இன்னொருவர் கவர் பிடிக்கிறார்கள் என்றால், திணைகளை வகுத்தவர் கணக்கு பிசகவில்லை என்க.

முடிவுரை

ஒரு குறிப்பு மட்டும் எஞ்சுகிறது. கப்பலில் இருந்த ஒன்றரை மணி நேரமும், "எலுமிச்சம்பழம் எதுக்குன்னு கேட்டீங்களே" என்ற வாக்கியம் தலைவியின் நாநுனியில் இருந்தது. சொல்லவில்லை. கப்பல் அணைந்து, பலகையில் நடந்து, தலைவன் ஒற்றைச் செருப்போடு கெட்டியான தரையில் இரண்டு காலையும் ஊன்றிய பிறகே சொன்னாள்.

அதுவரை அவள் செய்தது காத்திருத்தல். காத்திருத்தல் முல்லைக்கு உரியது. நடுக்கடலில் முல்லை எப்படி வந்தது என்று புலவர்கள் கேட்கலாம். அதற்குத் திணைமயக்கம் என்று பெயர். தொல்காப்பியர் அதையும் தடுக்கவில்லை.