கேபிள் கேள்விகள்

கம்ப்யூட்டர் திரைக்கு இனி எந்த கேபிள்தான் நிலைக்கும்?

லேப்டாப்பில் யுஎஸ்பி-சி. ஆனால் உள்ளே ஓடுவது பெரும்பாலும் டிஸ்ப்ளேபோர்ட் சிக்னல்தான். முகம் ஒருவருடையது, உழைப்பு இன்னொருவருடையது. சினிமாவில் டூப் போடுவதில்லையா?

விஜிஏ செத்துவிட்டதா, இல்லையா?

பிறந்தது 1987-ல். இன்டெல், ஏஎம்டி, டெல், லெனோவா, சாம்சங், எல்ஜி எல்லாம் கூடி 2010-லேயே வழியனுப்பு விழாவுக்கு நாள் குறித்தன. கல்லூரி செமினார் ஹால் புரொஜெக்டருக்குத்தான் இன்னும் பத்திரிகை வைக்கவில்லை போலிருக்கிறது.

எச்டிஎம்ஐயும் டிஸ்ப்ளேபோர்ட்டும் சமாதானமாகி ஒன்றாகக் கூடாதா?

கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் ஏன் எழுந்திருக்கப் போகிறார்? எச்டிஎம்ஐ பொருத்தும் நிறுவனங்கள் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். டிஸ்ப்ளேபோர்ட்டை உருவாக்கிய வெசா அமைப்பு அப்படிக் கேட்பதில்லை. லினக்ஸுக்கான தன் திறந்த மூல டிரைவரில் எச்டிஎம்ஐ 2.1-ஐச் சேர்க்க ஏஎம்டி முயன்றபோது, 2024-ல் எச்டிஎம்ஐ ஃபோரம் கதவைச் சாத்திவிட்டது. வரவேற்பறை டிவி முழுக்க அவர்கள் கையில் இருக்கும்வரை இந்த மிடுக்கு குறையாது.

இரண்டில் எது வேகம்?

டிஸ்ப்ளேபோர்ட் 2.1 நொடிக்கு 80 கிகாபிட், 2025-ல் வந்த எச்டிஎம்ஐ 2.2 நொடிக்கு 96. நீங்கள் பார்ப்பது எக்செல்தானே?

எல்லாம் யுஎஸ்பி-சி ஆகிவிட்டால் குழப்பம் தீர்ந்துவிடுமா?

துளை ஒன்றாகிவிடும்; குழப்பம் துளைக்குள் போய்விடும். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளும் படம் காட்டும் கேபிளும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கின்றன. கேபிள் மட்டுமல்ல, உங்கள் லேப்டாப்பின் அந்தத் துளை படம் அனுப்புமா என்பதையும் பணம் கொடுக்கும் முன்பே கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள்.