கம்ப்ரஸர் மேல் பழி போடாதீர்கள்: கேள்வி-பதில்

என்னிடம் இருப்பது 1972 செவ்ரோலே சி-10 பிக்கப். கம்பெனியிலேயே பொருத்தி வந்த ஏ.சி. பழைய ஏ6 கம்ப்ரஸரைக் கழற்றிவிட்டுப் புது சாண்டன் போட்டால் கூலிங் இரண்டு மடங்காகுமா? (ஹூஸ்டன்)

ஆகாது. வேறெதையும் தொடாமல் கம்ப்ரஸரை மட்டும் மாற்றினால் கொஞ்சம் குறையவும் கூடும். ஜெனரல் மோட்டார்ஸின் ஃப்ரிஜிடேர் பிரிவு 1962-இல் கொண்டுவந்த அந்த ஆறு சிலிண்டர் ஏ6, ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 206 கன செ.மீ. கேஸைத் தள்ளும். அதன் இடத்தில் எல்லோரும் ஆசையோடு பூட்டும் ஏழு பிஸ்டன் சாண்டன் தள்ளுவது 155. ஐந்து பிஸ்டன் 508 என்றால் 138தான். புதியது கொஞ்சம் வேகமாகச் சுற்றி இந்தக் குறையில் ஒரு பகுதியை ஈடுகட்டும். ஆனாலும் பழையதை "சக்தி இல்லாதது" என்று தள்ளுவது அநியாயம். ஏ6-இன் உண்மையான குறைகள் வேறு. எடை ஏறக்குறைய 16 கிலோ; சாண்டன் அதில் பாதிகூட இல்லை. ஏ6 எஞ்சினை அதிகம் இழுக்கும், ஷாஃப்ட் சீல் வழியாகக் கசியும். இந்தக் காரணங்களுக்காக மாற்றுகிறீர்கள் என்றால் தாராளமாக மாற்றுங்கள், நல்ல முடிவு. குளிருக்காக என்றால் நீங்கள் பணம் போட வேண்டிய இடம் கிரில்லுக்குப் பின்னால் இருக்கிறது.

ஏ.சி. குளிரை உற்பத்தி செய்வதில்லை. கேபினுக்குள் இருக்கும் வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே கொட்டுகிறது. கம்ப்ரஸரின் வேலை கேஸை அழுத்தி, வெளிக்காற்றைவிடச் சூடாக்குவது. அப்போதுதான் கண்டென்சரில் அந்தச் சூடு காற்றுக்குக் கைமாறும். வெளியே 37 டிகிரி என்றால் கண்டென்சருக்குள் கேஸ் 60 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். அந்தச் சூட்டைக் கண்டென்சர் உதறித் தள்ளவில்லை என்றால் உள்ளே அழுத்தம் ஏறும். அதன் மேல் பெரிய கம்ப்ரஸரை வைத்தால் அழுத்தம் இன்னும் ஏறும், பெல்ட் கத்தும், ஹோஸ் வாயைப் பிளக்கும், கேபின் மட்டும் அப்படியே வெதுவெதுக்கும். வாய்க்காலைத் தூர்வாராமல் கிணற்று மோட்டாரை மட்டும் பெரிதாக்கினால் வயலுக்கு என்ன லாபம்?

மொத்தம் எவ்வளவு செலவாகும்?

மெக்கானிக்கைக் கேளுங்கள், ஆனால் கண்டென்சர் விலையை முதலில் கேளுங்கள்.

நண்பரின் ஃபோர்டு எஃப்-100-இல் பழைய யார்க் கம்ப்ரஸரை எடுத்துவிட்டு சாண்டன் போட்டார்கள். இப்போது ஐஸ்பெட்டி மாதிரி இருக்கிறது. நீங்கள் சொல்வதற்கு நேர்மாறாக நடந்திருக்கிறதே? (ஃபீனிக்ஸ்)

நேர்மாறாக நடக்கவில்லை. நான் சொன்னதற்கு உங்கள் நண்பரின் வண்டியே சாட்சியாக இருக்கலாம். கம்ப்ரஸர் மாற்றும்போது சிஸ்டத்தைத் திறந்தே ஆக வேண்டும். திறந்தால் நல்ல மெக்கானிக் டிரையரை மாற்றுவார், விறைத்துப்போன ஹோஸ்களையும் ஓரிங்குகளையும் தூக்கிப் போடுவார், வேக்குவம் பம்ப் போட்டு ஈரத்தை முழுக்க இழுப்பார், சரியான எடைக்குக் கேஸ் ஏற்றுவார். பெரும்பாலும் கண்டென்சரும் புதிதாகிவிடும். ஆறு வேலை நடந்திருக்க, கண்ணுக்குப் பளபளப்பாகத் தெரிவது கம்ப்ரஸர் ஒன்றுதான், பெயரை அது வாங்கிக்கொள்கிறது. யார்க் இரண்டு சிலிண்டர் இயந்திரம். குலுங்கும், இரைச்சல் போடும், ஆனால் உழைப்பில் சோடை போனதில்லை. எண்ணெய்க்குத் தனித்தொட்டி உள்ள அதைத்தான் காட்டுவழி ஜீப்காரர்கள் இன்றும் தேடிப் பிடித்து டயருக்குக் காற்றடிக்கப் பூட்டுகிறார்கள்.

யார் மேல் தப்பு என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை உண்டு. நல்ல வெயிலில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, ஏ.சி.யை முழு வேகத்தில் வையுங்கள். காற்று வரும் துவாரத்தில் ஒரு தெர்மாமீட்டரைச் செருகுங்கள். பிறகு தோட்டத்துக் குழாயால் கண்டென்சர் மேல் மெல்லத் தண்ணீர் தெளியுங்கள். உள்ளே வரும் காற்று சட்டென்று குளிர்ந்தால் கம்ப்ரஸர் நிரபராதி. குற்றவாளி கண்டென்சர், அல்லது அதற்குக் காற்று தர வேண்டிய ஃபேன். ஃபேன் கிளட்ச் தேய்ந்திருக்கும், அல்லது ஃபேனைச் சுற்றியுள்ள கூண்டை யாரோ கழற்றி எறிந்திருப்பார்கள். ரேடியேட்டருக்கும் கண்டென்சருக்கும் நடுவே உள்ள இடைவெளி அடைபடாமல், எஞ்சின் கக்கிய சூடான காற்றே சுற்றி முன்னால் வந்து மறுபடி உள்ளே நுழைந்துகொண்டிருக்கலாம். ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நின்றால் சூடாகும் ஏ.சி. எல்லாம் பெரும்பாலும் இந்த ஜாதிதான். தண்ணீர் தெளித்தும் எந்த மாற்றமும் இல்லை என்றால், அப்போது கேஜ் மாட்டிக் கம்ப்ரஸரைச் சந்தேகியுங்கள், நியாயம்.

குரோம் பூசிய கம்ப்ரஸர் வாங்கலாமா?

அந்தக் காசில் இன்னொரு ஃபேன் வாங்கலாம்.

ஆர்-12 கேஸிலிருந்து ஆர்-134ஏ-வுக்கு மாறினால் கூலிங் குறையும் என்கிறார்கள். அப்போதாவது கம்ப்ரஸரைப் பெரிதாக்க வேண்டாமா? (டாலஸ்)

வந்ததிலேயே நல்ல கேள்வி. குறையும் என்பதில் உண்மை இருக்கிறது. கம்ப்ரஸரைப் பெரிதாக்க வேண்டும் என்பதில் இல்லை. அமெரிக்காவில் 1995 முடிவோடு ஆர்-12 தயாரிப்பு நின்றது. அதற்குள் புது வண்டிகள் ஆர்-134ஏ-வுக்கு மாறிவிட்டன. இரண்டு கேஸுக்கும் குணம் ஏறக்குறைய ஒன்றுதான், வித்தியாசம் ஓரங்களில். பூஜ்ய டிகிரியில் ஆர்-134ஏ-வின் அழுத்தம் பழையதைவிடக் கொஞ்சம் குறைவு. 60 டிகிரியில் பத்தில் ஒரு பங்கு அதிகம். அதாவது கீழே தாழ்ந்தும் மேலே உயர்ந்தும் நிற்கிறது, கம்ப்ரஸர் ஏற வேண்டிய படி கூடிவிட்டது. இந்தப் படியைக் குறைக்கும் வழி மேல் அழுத்தத்தை இறக்குவதுதான், அதைச் செய்யக்கூடியது கண்டென்சர் மட்டுமே. பழைய வண்டியில் ஒரே குழாய் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகும். புது 'பேரலல் ஃப்ளோ' வகையில் கேஸ் பல தட்டைக் குழாய்களில் ஒரே நேரத்தில் பிரிந்து ஓடும். அதே அகல உயரத்தில் கூடுதல் வெப்பத்தை உதறும். சி-10-இன் கிரில்லுக்குப் பின்னால் இடத்துக்குப் பஞ்சமே இல்லை, பொருந்துகிற வரை பெரியதாகப் போடுங்கள்.

இன்னொரு திருடனும் உண்டு. சி-10-இன் பி.ஓ.ஏ. வால்வு, கேபின் காற்றைக் குளிர்விக்கும் காயிலில் பனி கட்டாதபடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பது. அது ஆர்-12-க்காக அளந்து வைத்தது. புது கேஸுக்கு அதை மறுபடி அளந்து இறக்காவிட்டால் காயில் ஒன்றிரண்டு டிகிரி சூடாகவே நிற்கும், நீங்கள் கம்ப்ரஸரைத் திட்டுவீர்கள். எண்ணெயிலும் கவனம் வேண்டும். பழைய மினரல் எண்ணெய் ஆர்-134ஏ-வோடு கலந்து ஓடாது. காயிலில் தேங்கி, கம்ப்ரஸரைப் பட்டினி போடும். சிஸ்டத்தைக் கழுவிவிட்டு, கம்ப்ரஸர் கம்பெனி சொல்லும் பி.ஏ.ஜி. அல்லது எஸ்டர் எண்ணெயை ஊற்றுங்கள். பழைய பாகங்களே இருக்கின்றன என்றால் கேஸும் பழைய எடை வேண்டாம், நூற்றுக்கு எண்பது, தொண்ணூறு போதும். கூட ஏற்றினால் கூடக் குளிரும் என்று நினைப்பவர்கள் மேல் அழுத்தத்தைத்தான் கூட்டுகிறார்கள்.

கசிவை அடைக்கும் 'ஸ்டாப் லீக்' டப்பா?

அது கசிவை விட்டுவிட்டு வால்வை அடைக்கும், ஓரிங் மாற்றுங்கள்.

புரொப்பேன் கலந்த கேஸ் மலிவாகக் கிடைக்கிறது, கூலிங்கும் பிரமாதம் என்கிறார்கள். போடலாமா?

கூலிங் நன்றாகத்தான் இருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் உங்கள் காலடியில் இருக்கும் காயில் கசிந்தால் எரியும் கேஸ் மூடிய கேபினுக்குள் நிரம்பும். ஆர்-12 வண்டியில் எரியக்கூடிய ஹைட்ரோகார்பன் கேஸை மாற்றாக ஏற்றுவதை அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு இ.பி.ஏ. தடை செய்திருக்கிறது. வேண்டாம்.

அசல் அசலாகவே இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஏ6-ஐ வைத்துக்கொள்ளக் கூடாதா?

தாராளமாக வைத்துக்கொள்ளலாம். நான் கம்ப்ரஸருக்கு விரோதி இல்லை, வீண் செலவுக்குத்தான் விரோதி. புது சீல் போட்டு ரீகண்டிஷன் செய்த ஏ6, நல்ல கண்டென்சர் கிடைத்தால் மரியாதையாக வேலை செய்யும். குளிர்காலத்திலும் அவ்வப்போது சில நிமிடங்கள் ஓடவிடுங்கள். எண்ணெய் படாமல் சீல் காய்ந்தால் கசிவு வரும்.

பழைய சிஸ்டத்தில் மிச்சமிருக்கும் ஆர்-12 கொஞ்சம்தான். வால்வை அமுக்கிக் காற்றில் விட்டால் என்ன ஆகிவிடும்?

1974-இல் மொலினா, ரோலண்ட் என்ற இரண்டு வேதியியலாளர்கள், ஸ்ப்ரே டப்பாவிலிருந்தும் குளிர்பெட்டியிலிருந்தும் போகும் இந்த வகை வாயுக்கள் மேலே ஏறி ஓசோனை அரிக்கும் என்று எழுதினார்கள். தொழில்துறை வருடக்கணக்கில் அதை எதிர்த்தது. அண்டார்க்டிகாவுக்கு மேலே ஓட்டை தெரிந்தது, 1987-இல் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது, 1995-இல் அந்த இருவருக்கும் பால் க்ருட்ஸனோடு நோபல் கிடைத்தது. ஆர்-12 காற்றில் நூறு வருடம் கிடக்கும். எடைக்கு எடை பார்த்தால் கரியமில வாயுவைவிடப் பத்தாயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும். உங்கள் சிஸ்டத்தில் ஒரு கிலோ மிச்சமிருந்தால் அது பத்து டன் கரியமில வாயுவுக்குச் சமம். கொஞ்சம்தானே என்று ஒவ்வொருவரும் விட்டதுதான் அந்த ஓட்டை. அமெரிக்காவில் 1992 முதல் இதை வேண்டுமென்றே வெளியே விடுவது சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாத ஊரிலும் விடாதீர்கள். உறிஞ்சி எடுக்கும் இயந்திரம் உள்ள கடைக்குப் போங்கள்; வண்டியை அவிழ்ப்பதற்கு முன்பே போங்கள்.

வண்டிக்குக் கறுப்பு பெயின்ட் அடிக்கலாமா?

அடிக்கலாம், அடித்துவிட்டு எனக்கு ஏ.சி. கேள்வி அனுப்ப வேண்டாம்.

கையில் இருக்கும் பணம் ஒரே ஒரு வேலைக்குத்தான் போதும். எதைச் செய்வது?

கம்ப்ரஸர் ஓடுகிறது, அழுத்துகிறது என்றால் கண்டென்சரும் டிரையரும். அதற்குக்கூடப் பணம் போதாது என்றால் ஃபேன் கூண்டை மாட்டுங்கள், ரேடியேட்டரைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டுங்கள். ஹீட்டருக்குப் போகும் வெந்நீர் ஹோஸை ஒரு கிளாம்ப் போட்டு நெரித்துப் பாருங்கள். பல வண்டிகளில் ஹீட்டர் வால்வு சரியாக மூடாமல், ஏ.சி. குளிர்வித்த காற்றை அதுவே சுட வைத்துக்கொண்டிருக்கும். கிளாம்ப் விலை சில டாலர்தான். கம்ப்ரஸருக்கு ஆர்டர் கொடுக்கும் முன் அதை வாங்குங்கள்.