இன்னும் ஒரு தடவை பார்த்துட்டு அனுப்பறேன்

நம்மவருடைய மேஜை இழுப்பறையில் ஒரு சிறுகதை இருக்கிறது. தொண்ணூறுகளின் கடைசியில் எழுதியது. கதாநாயகி அப்போது பேஜர் கம்பெனியில் வேலை பார்த்தாள். நம்மவர் திருத்தி முடிப்பதற்குள் பேஜர் போய்விட்டது. எஸ்.டி.டி. பூத்துக்கு மாற்றினார், பூத்தும் மூடிக்கொண்டது. பிரவுசிங் சென்டரில் சில காலம் இருந்துவிட்டு, இப்போது அவள் செல்போன் ரீசார்ஜ் கடையில் உட்கார்ந்திருக்கிறாள். காதலனைப் பிரிவதுதான் கதை. உத்தியோகமே நிலைக்காதவளுக்குப் பிரிவெல்லாம் எங்கே!

“எப்ப சார் பத்திரிகைக்கு அனுப்பப் போறீங்க?”

“இன்னும் ஒரு தடவை பார்த்துட்டு அனுப்பறேன்.”

ஊருக்கு ஒருவர் இப்படி உண்டு. வங்கியிலோ மின்வாரியத்திலோ தபாலாபீசிலோ இருப்பார். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போனால், அடுத்தவர் புத்தகத்தின் பின்னட்டையைப் படித்துவிட்டுப் பெருமூச்சோடு திருப்பி வைக்கிறாரே, அவர்தான்.

அவருடைய முதல் எதிரி ஒற்று. ‘சொல்லி கொண்டு’வா, ‘சொல்லிக் கொண்டு’வா, ‘சொல்லிக்கொண்டு’வா என்று ஆரம்பித்தால் அன்றைய மாலை போயிற்று. ஒரு ‘க்’ போடுவார், காபி குடிப்பார், எடுத்துவிடுவார். ராத்திரி எழுந்து விளக்கைப் போட்டு மறுபடி சேர்ப்பார். எங்கோ ஒரு தமிழாசிரியர் படித்துவிட்டுச் சிரிப்பாராம். தமிழாசிரியர்களுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை என்பதை யார் இவருக்குச் சொல்வது?

புனைபெயரிலும் இதே தயக்கம். சொ. விருத்தாசலம் புதுமைப்பித்தன் ஆனார், ஜ. தியாகராஜன் அசோகமித்திரன் ஆனார். தமக்கும் ஒன்று வேண்டாமா? எஸ். ரங்கராஜன் மனைவி பெயரை எடுத்துக்கொண்டு சுஜாதாவாகிப் புகழ் பெற்றதை நினைத்து, ஒருநாள் சமையலறை வாசலில் போய் நின்று அனுமதி கேட்டார்.

“ஏங்க, என் பேர்ல ஏற்கெனவே நகைக்கடன் இருக்கு. அது போதும்.”

முதல் வாசகியும் இந்த அம்மாள்தான். “நல்லாருக்குங்க” என்பார். “சும்மா சொல்றே.” “சரி, சுமாரா இருக்கு.” “எனக்கு அப்பவே தெரியும்!” இந்த இரண்டு பதிலுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்றைக் கல்யாணமான நாளிலிருந்து அவர் தேடிக்கொண்டிருக்கிறார்.

நம்மவர் படிக்காதவர் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். நவீன இலக்கியம் அத்தனையும் அத்துப்படி. ஆனால் அதிலிருந்து அவர் சேர்த்து வைத்திருப்பதெல்லாம் மெடிக்கல் சர்டிபிகேட்டுகள். “மௌனி மொத்தமே சுமார் 24 கதைதானே எழுதினார்?” என்பார். எழுதினார் அல்லவா? “ப. சிங்காரம் ரெண்டே நாவல்.” ‘கடலுக்கு அப்பால்’, ‘புயலிலே ஒரு தோணி’ இரண்டும் அச்சாகிக் கடையில் கிடைக்கின்றன. “சுந்தர ராமசாமியே நடுவுல சில வருஷம் எழுதாம இருந்தாரே!” இருந்தார்தான், 1966-இல் ‘ஒரு புளியமரத்தின் கதை’ வந்த பிறகு. “கி.ரா. முப்பது தாண்டித்தான் எழுத வந்தார்.” இதை நம்மவர் தம்முடைய முப்பதில் சொன்னபோது கேட்க நன்றாக இருந்தது. ஐம்பத்தெட்டிலும் அதையே சொல்கிறார்.

முன்பெல்லாம் கதையோடு தபால்தலை ஒட்டிய சுயவிலாச உறையும் வைத்து அனுப்ப வேண்டும். திரும்பி வருகிற கதைக்கு நாமே வழிச்செலவு கொடுக்கிற அந்த ஏற்பாடு அவருக்குப் பிடிக்கவில்லை. அனுப்பாவிட்டால் போகவர இரண்டு செலவும் மிச்சம் என்று இருந்துவிட்டார். இப்போது மின்னஞ்சல். பதிலே வராவிட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று புதுக் கவலை.

தமக்கு எழுத வருமா என்கிற சந்தேகம் அவருக்கு எப்படித் தீர்ந்தது என்கிறீர்களா? தன்னம்பிக்கைப் புத்தகங்கள் அலமாரி நிறைய இருக்கின்றன, அவற்றால் அல்ல. உள்ளூர்க் கோயில் கும்பாபிஷேக மலரில் ஒரு ஜவுளிக்கடை விளம்பரம் கடைசி நேரத்தில் வராமல் போய், ஒன்றரைப் பக்கம் காலியாக நின்றது. அச்சகக்காரர் பைக்கில் வந்து இறங்கினார்.

“சார், ஏதாச்சும் எழுதிக் குடுங்க. ஆறு மணிக்கு பிளேட் போடணும்.”

“எழுதிட்டு, ஒரு தடவை பார்த்துட்டு...”

“நான் பார்த்துக்கறேன் சார். நீங்க எழுதுங்க. இங்கேயே நிக்கறேன்.”

நின்றார். நம்மவர் கோயில் குளத்தைப் பற்றி எழுதினார்: சின்ன வயதில் அதில் நீச்சல் பழகியது, படித்துறையில் ஒரு பெரியவரிடம் திட்டு வாங்கியது, தண்ணீர் வற்றிய வருஷம் நடுக்குளத்தில் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடியது. கடைசி வரியில் மை காய்வதற்குள் தாளைப் பிடுங்கிக்கொண்டு பைக் பறந்துவிட்டது. மலர் வந்தது. ஒற்றுப்பிழை தலைப்பிலேயே இருந்தது. ஊரில் ஒரு ஈ காக்கை கவனிக்கவில்லை. மளிகைக்கடைக்காரர் மட்டும் சில்லறை எண்ணிக் கொடுத்தபடி, “உங்களைத் திட்டினது எங்கப்பாதான் சார்” என்றார்.

எழுதுகிறவனின் சந்தேகத்தைத் தீர்க்க, வாசலில் நிற்கிற ஆளைப்போல வைத்தியன் கிடையாது என்பது என் கட்சி. ‘பொன்னியின் செல்வன்’ 1950-லிருந்து 1954 வரை வாரந்தவறாமல் வந்த தொடர்கதை. அச்சுக்கூடம் அத்தியாயத்துக்குக் காத்திருக்கும்போது, ‘நமக்கு எழுத வருமா?’ என்று கேட்டுக்கொள்ளக் கல்கிக்கு எந்தக் கிழமை ஒழிந்திருக்கும்?

நம்மவருக்குச் சந்தேகம் போய்விட்டது. கொஞ்சம் அதிகமாகவே போய்விட்டது. பையில் எப்போதும் ஜெராக்ஸ் பிரதிகள். குடியிருப்போர் சங்க வாட்ஸாப் குழுவில், தண்ணீர் லாரி எப்போது வரும் என்று கேட்டவருக்குப் பதிலாகக் குளத்தைப் பற்றிய இரண்டாம் பாகம் வந்து விழுகிறது. “படிச்சாச்சா?” என்று பின்னாலேயே ஒரு குரல் பதிவு. கல்யாண வீட்டில் பந்திக்கு இடம் பிடிக்கிறவர்கள், அவருக்குப் பக்கத்து இலையைக் காலியாக விட ஆரம்பித்திருக்கிறார்கள்.

ஆனாலும் நீல டிக் விழுந்துவிட்ட அன்பர்களே, பேசாமல் இருந்துவிடாதீர்கள். இத்தனை வருஷம் கழித்து வாய் திறந்திருக்கிறார், பாவம். ‘பிரமாதம்’ என்றும் போடாதீர்கள்; நாவல் வந்துவிடும். ‘கிரிக்கெட் ஆடிய இடம் நன்றாக இருந்தது’ என்று ஒரு வரி போதும். ஒற்றுப்பிழை கண்ணில் பட்டால், கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், இந்த வருஷம் மட்டும் சொல்லாதீர்கள்.