கத்திரி வெயிலும் நிவாரண நோக்கியலும்: ஒரு மொட்டைமாடி ஆய்வு

ஊரடங்கு காலத்தைப் பற்றி எல்லாத் துறை அறிஞர்களும் எழுதி முடித்துவிட்டார்கள். கிருமியியல், பொருளியல், உளவியல் என்று தொடங்கி, டால்கோனா காப்பியை எத்தனை நிமிடம் அடித்தால் நுரை நிற்கும் என்பது வரை ஆராய்ந்தாகிவிட்டது. ஆனால் 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் சென்னைக் குடும்பங்கள் ஒருமனதாக ஈடுபட்டிருந்த அறிவியல் பணி ஒன்றுக்கு மட்டும் இன்னும் முனைவர் பட்டம் யாரும் வாங்கவில்லை. வீட்டுக்குள் உட்கார்ந்தபடி வெயிலைக் கண்காணிப்பதும், அதே நாற்காலியில், அதே முகத்தோடு அரசின் நிவாரண அறிவிப்பைக் கண்காணிப்பதும்தான் அந்தப் பணி. இவை இரண்டு துறைகள் அல்ல, ஒரே துறை என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

ஆய்வுக்களம் மேற்கு மாம்பலத்தில் ஒரு மூன்று மாடிக் குடியிருப்பின் மேல்தளம். மேல்தளம் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கீழ்வீட்டுக்காரர்களுக்கு வெயில் என்பது டிவியில் வரும் செய்தி. மேல்வீட்டுக்காரர்களுக்கு அது ராத்திரி பதினோரு மணிக்கும் ஃபேன் வழியாக இறங்கிக்கொண்டிருக்கும் பொருள். ஆய்வுக்குழுவில் ஓய்வுபெற்ற அப்பா முதன்மை ஆய்வாளர். அம்மா கருவிகள் பொறுப்பு. மார்ச் மாதம் ஒரு கல்யாணத்துக்கு வந்து, பஸ்ஸும் ரயிலும் நின்றுபோனதால் எங்களோடு தங்கிவிட்ட பெரியப்பா எதிர்க்கட்சி. குறிப்பெடுக்கும் வேலை எனக்கு.

கருவிகளில் முதலாவது சமையலறைக் குழாய். மாடியில் வெயிலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் கறுப்புத் தண்ணீர்த் தொட்டியோடு இணைக்கப்பட்ட இந்தக் கருவியில் விரலை வைத்த உடனே அம்மா அளவு சொல்லிவிடுவாள். "ஒம்போது மணிக்கே சுடுது" என்றால் அன்றைக்கு வெயில் கடுமை. "பாத்திரம் தேய்க்க முடியல" என்றால் மீனம்பாக்கத்தில் 40 டிகிரி தாண்டப் போகிறது என்று பொருள். இரண்டாவது கருவி ஜவ்வரிசி வடாம். வழக்கமாக இரண்டு நாள் காய வேண்டியது ஒரே நாளில் துணியைவிட்டு உரிந்து வந்தால் அம்மாவுக்கு மகிழ்ச்சி, மற்ற மூவருக்கும் கவலை. வெயிலை வரவேற்ற ஒரே துறையாக அந்த வருஷம் வடாம் துறைதான் இருந்தது.

அரசாங்கத்தின் கருவி வேறு மாதிரி. சென்னையில் வானத்தை அளக்கும் பழக்கம் பழையது. கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் கட்டியது. தமிழிலும் தெலுங்கிலும்கூட எழுத்துப் பொறித்த அதன் கருங்கல் தூண் இன்றும் கல்லூரிச் சாலை வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. அங்கே வெப்பமானியை வெயிலில் வைப்பதில்லை. வெள்ளை வண்ணம் அடித்து, பக்கமெல்லாம் காற்று புகும் சட்டங்கள் வைத்த மரப்பெட்டிக்குள், தரையிலிருந்து நாலடிக்கு மேலே, நிழலில் வைப்பார்கள். ஸ்டீவன்சன் பெட்டி என்று அதற்குப் பெயர். அதை வடிவமைத்த தாமஸ் ஸ்டீவன்சனின் மகன்தான் 'டிரஷர் ஐலண்ட்' எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சன். அப்பா நிழலை அளந்தார், பிள்ளை புதையல் தேடும் கதை எழுதினார். எங்கள் வீட்டில் அந்த மே மாதம் இரண்டும் ஒரே சோபாவில் நடந்தன.

நிழலில் அளப்பதற்கு அறிவியல் காரணம் உண்டு. அளக்க வேண்டியது காற்றின் வெப்பத்தை. நேர்வெயில் பட்டால் கருவி தன் சூட்டையே சொல்லும். ஆனால் பெரியப்பா இதை ஏற்கவில்லை. "நிழல்ல வச்சு அளந்துட்டு நாப்பதுன்னு சொல்றான். நான் என்ன பெட்டிக்குள்ளயா நிக்கிறேன்?" என்றார். அறிவியலாக இது தவறு. நிவாரணத்தைப் பற்றிய விமர்சனமாக எடுத்துக்கொண்டால், அந்த மாதம் வந்த தலையங்கங்கள் பலவற்றைவிடச் சரி.

இனி மையப் பொருளுக்கு வருவோம். கத்திரி என்கிற அக்னி நட்சத்திரம் அந்த ஆண்டு மே 4 முதல் 28 வரை. பஞ்சாங்கம் போட்ட தேதி. அதை யாரும் ஒத்திவைக்க முடியாது. பத்தாம் வகுப்புத் தேர்வு ஒத்திப்போய்க்கொண்டே இருந்து, கடைசியில் ஜூன் 9 அன்று ரத்தாகவே ஆனது. டாஸ்மாக் மே 7 திறந்து, உயர் நீதிமன்றம் சொல்லி மூடி, உச்ச நீதிமன்றம் சொல்லி மறுபடி 16 அன்று திறந்தது. அந்த மாதத்தில் சொன்ன நாளில் தொடங்கிச் சொன்ன நாளில் முடிந்தது கத்திரி ஒன்றுதான்.

மே 12 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் டிவியில் 20 லட்சம் கோடி ரூபாய்த் திட்டம் என்றார். விவரத்தை நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் மறுநாளிலிருந்து ஐந்து நாள், ஐந்து பகுதிகளாகச் சொன்னார். வானிலை மையமும் அப்போது ஐந்து நாள் முன்னறிவிப்பு தந்தது என்பதை ஆய்வுலகம் கவனிக்க வேண்டும். இதைவிட முக்கியமானது நேரம். முதல் நான்கு நாளும் மாலை நாலு மணிக்குச் செய்தியாளர் சந்திப்பு. சென்னைவாசிக்கு நாலு மணி என்பது ஒரு கணக்குத் தீர்க்கும் நேரம்.

சென்னையின் வெயிலைத் தீர்மானிப்பது சூரியன் இல்லை, கடல்காற்று. காலையில் மேற்கிலிருந்து தரைக்காற்று வீசும்; மலை தாண்டி இறங்கி, உள்நாடெல்லாம் சுற்றி, ஈரமில்லாமல் வரும் காற்று அது. நிலம் சூடேற ஏற கடலிலிருந்து எதிர்க்காற்று கிளம்பும். அது பன்னிரண்டு மணிக்கு முன்னால் வந்துவிட்டால் வெயில் 37, 38இல் நின்றுவிடும். இரண்டு, மூன்று மணிவரை வராவிட்டால் 40 தாண்டும். நாலு மணிக்கும் வராவிட்டால் அன்றைக்கு யாரும் யாரோடும் பேசாமல் இருப்பது நல்லது. எங்கள் வீட்டில் அந்த நேரத்தில்தான் நிதிப்பற்றாக்குறை பற்றிய விவாதம் தொடங்கும்.

அப்பா கடைசிவரை ஆளுங்கட்சி. பெரியப்பா, பொருளியல் நிபுணர்களைத் தன் சாட்சியாகக் கூப்பிடுகிறவர். ஏப்ரல் 30 அன்று ராகுல் காந்தியோடு பேசிய ரகுராம் ராஜன், ஏழைகளுக்கு உதவ 65,000 கோடி போதும் என்று சொன்னதை அவர் மனப்பாடமாக வைத்திருந்தார்.

"நோட்டு அடிச்சுக் கையில குடுக்கணும்டா. வேற வழியே கிடையாது."

"அண்ணே, அப்படிக் குடுத்தா விலைவாசி என்ன ஆகும்?"

"வாங்கறதுக்குக் கடையே தொறக்கல, விலைவாசி எங்க ஏறும்?"

அம்மா பால்கனியிலிருந்து: "காத்து திரும்பலீங்க இன்னும்."

முதல் நாள் சிறு, குறு தொழில்களுக்குப் பிணையில்லாக் கடன் 3 லட்சம் கோடி. பெரியப்பா கேட்டது ஒரே கேள்வி: "கடனா?" இரண்டாம் நாள் புலம்பெயர் தொழிலாளர்களுக்கு இரண்டு மாதம் இலவசத் தானியம், தெருவோர வியாபாரிகளுக்குப் பத்தாயிரம் ரூபாய் கடன். தானியம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தவர், கடன் என்றதும் சாய்ந்துகொண்டார். மூன்றாம் நாள் வேளாண் கட்டமைப்பு. நான்காம் நாள் நிலக்கரி, கனிமம், பாதுகாப்புத் தளவாடம், விமான நிலையம், விண்வெளி. விண்வெளித் துறையில் தனியாருக்கு இடம் என்று அறிவிப்பு வந்தபோது அம்மா சொன்னாள்: "வானத்துக்கே போயிட்டாங்க. மழையைப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை இல்லை." ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, நேரத்தைக் காலை பதினோரு மணிக்கு மாற்றிவிட்டார்கள். நூறு நாள் வேலைத் திட்டத்துக்குக் கூடுதலாக 40,000 கோடி என்றது அன்றைக்குத்தான். ஐந்து நாளில் வெயிலில் நிற்பவனுக்கு நேராகப் போகும் பணம் என்று நான் குறித்துக்கொண்டவற்றில் பெரியது அதுதான்.

இதற்கிடையில் வங்கக்கடலில் உம்பன் புயல் உருவானது. பகுதி நான்கு அறிவிக்கப்பட்ட அதே மே 16 அன்று. 1999இல் ஒடிசாவைத் தாக்கியதற்குப் பிறகு வங்கக்கடல் பார்த்த முதல் சூப்பர் புயல். தமிழ்நாடு வெதர்மேன் பிரதீப் ஜான் என்ன பதிவு போட்டிருக்கிறார் என்று தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. நமக்கு மழை கிடையாது என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. புயல் வடக்கே நகர்ந்து, 20ஆம் தேதி சுந்தரவனத்தை ஒட்டிக் கரையேறி, மேற்கு வங்கத்திலும் வங்கதேசத்திலும் பெருநாசம் செய்தது. நமக்கு அது விட்டுச்சென்றது வறட்டு மேற்குக் காற்று. ஈரத்தையெல்லாம் தன் பக்கம் உறிஞ்சிக்கொண்டு போனதால் கடல்காற்று பின்வாங்க, சென்னையில் வெயில் 40ஐத் தாண்டியது. பெரிய அறிவிப்பு ஒன்று பக்கத்தில் உருவானால், அது போகிற வழியில் இருக்கிற சின்ன ஈரத்தையும் எடுத்துக்கொண்டு போகும். இதைத் துணைக் கருதுகோளாக முன்வைத்தபோது அப்பா கையெழுத்திட மறுத்துவிட்டார்.

இப்போது முதன்மைக் கண்டுபிடிப்பு. கைபேசி வானிலைச் செயலிகளில் இரண்டு எண் வரும். ஒன்று அளந்த வெப்பம், மற்றது உடம்பு உணரும் வெப்பம். சென்னையின் புழுக்கத்தில் இரண்டாவது எண் எப்போதும் பெரியது. வியர்வை ஆவியானால்தானே உடம்பு குளிரும், காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் அது எங்கே போகும். நிவாரணத்துக்கும் இதே இரண்டு எண் உண்டு. அளந்த நிவாரணம்: 20,97,053 கோடி ரூபாய். அதில் ரிசர்வ் வங்கி அதற்கு முன்பே பணச்சந்தையில் எடுத்திருந்த நடவடிக்கைகள் மட்டும் 8,01,603 கோடி. மார்ச்சில் அறிவித்தது முதலான பழைய கணக்கு 1,92,800 கோடி. மீதியில் பெரும்பங்கு கடனும் கடனுக்கு உத்தரவாதமும். கையில் வந்ததை மட்டும் எண்ணினால் அளவு சடாரென்று இறங்குகிறது. வெயிலில் உணர்வது அளந்ததைவிடக் கூடும், நிவாரணத்தில் உணர்வது அளந்ததைவிடக் குறையும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே மனிதனின் தோல்தான்.

நேர்மையான ஆய்வு எதிர்ச்சான்றையும் பதிவு செய்ய வேண்டும். மார்ச் 24 அன்று சட்டமன்றத்தில் முதல்வர் எடப்பாடி பழனிசாமி, அரிசி அட்டைதாரர்களுக்கு 1,000 ரூபாயும் இலவசப் பொருட்களும் அறிவித்தார். ஏப்ரலில் டோக்கன் கொடுத்து ரேஷன் கடையில் தந்தார்கள். அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஸ்டாலின் 5,000 வேண்டும் என்றார். ஆயிரம் போதாது என்பதில் எங்கள் வீட்டு ஆளுங்கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் வேறுபாடே இல்லை. ஆனால் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரிடம் பெரியப்பா மாடியிலிருந்தே குரல் கொடுத்துக் கேட்டபோது, "வந்துச்சு சார், ரெண்டு வாரம் ஓடிச்சு" என்று பதில் வந்தது. யாரும் ஆபீஸ் போகாத ஊரில் யார் சட்டையை இஸ்திரி போடுவது? இருபது லட்சம் கோடியைப் பற்றியும் கேட்டார். "அது பெரியவங்களுக்குங்க" என்றார் அவர். அதற்கு மேல் கேள்வி கேட்க ஆய்வுக்குழுவில் யாருக்கும் தோன்றவில்லை.

குளிர்சாதனம் பற்றியும் ஒரு பத்தி சேர்க்கக் கடமைப்பட்டுள்ளோம். ஏசியை 24 முதல் 30 டிகிரிக்குள் வைத்து, ஜன்னலையும் கொஞ்சம் திறந்துவையுங்கள் என்று அந்த ஏப்ரலில் மத்திய அரசின் பொதுப்பணித் துறை வழிகாட்டுதல் தந்தது. நோய்த்தொற்றுக்கு நல்ல யோசனை. மே மாத மேற்கு மாம்பலத்துக்கு அல்ல. திறந்த ஜன்னல் வழியே வந்த தெருவை முழுக்கக் குளிர்விக்க எங்கள் ஒன்றரை டன் எந்திரம் பாடுபட்டது. அந்தப் பாட்டின் விலை பிறகு தெரிந்தது. ஊரடங்கில் மின் கணக்கெடுக்க ஆள் வரவில்லை. முந்தைய தொகையையே கட்டச் சொன்னார்கள், கட்டினோம். பிறகு வந்து மொத்தமாகக் கணக்கெடுத்தபோது ஊரே அலறியது. 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிக் கட்டணமும் சேர்ந்து ஏறும் என்ற நுட்பத்தைத் தமிழ்நாடு அந்த வருஷம்தான் பாடமாகப் படித்தது. ஏற்கெனவே கட்டிய பணத்தைக் கழிக்கிறார்கள், யூனிட்டைக் கழிக்கவில்லை என்று வழக்கு நடந்தது. உயர் நீதிமன்றத்தில் தள்ளுபடியானது. ஜூலை 21 அன்று திமுகவினர் வீட்டு வாசலில் கறுப்புக்கொடி ஏற்றினார்கள். வீட்டுக்குள் இருங்கள் என்று சொன்ன அரசுக்கு, வீட்டுக்குள் இருந்ததற்கான கட்டணத்தை நாம் கட்டினோம். அப்பா கட்சி மாறியது அந்தப் பில்லோடுதான். பெரியப்பா அதற்குள் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டதால் அதைக் கண்ணால் காணும் பாக்கியம் அவருக்கு இல்லை.

நெற்றிக்கு நேரே துப்பாக்கி போல நீட்டும் வெப்பமானி அந்த மே மாதம் எல்லாக் கடை வாசலிலும் வந்துவிட்டது. வெயிலில் நடந்து வந்தவனுக்கு அது சூடு காட்டும். காவலாளி அவனை இரண்டு நிமிடம் நிழலில் நிற்கவைத்து, மறுபடி அளந்து, நார்மல் என்று உள்ளே விடுவார். நிழலில் நிற்கவைத்து அளந்தால் எல்லோரும் நார்மல்தான். ஸ்டீவன்சன் பெட்டிக்கும் நிதியமைச்சகத்துக்கும் பொதுவான இந்த முறையை நாங்கள் குறைசொல்லவில்லை. அதற்குத் துணையாக இன்னொரு அளவு வேண்டும் என்றுதான் சொல்கிறோம்.

ஆகவே அரசுக்கு இந்த ஆய்வின் பரிந்துரை ஒன்றே ஒன்று. சென்னையின் வெப்பத்தை நுங்கம்பாக்கத்திலும் மீனம்பாக்கத்திலும் அளக்கிறீர்கள். மூன்றாவதாக ஒரு கருவியை ஏதாவதொரு ரேஷன் கடை வாசலில், மே மாதம் காலை பதினோரு மணிக்கு டோக்கன் வரிசை முடியும் இடத்தில், கூரை எட்டாத வெயிலில் வையுங்கள். அளவெடுக்கத் தனியாக ஆள் போட வேண்டியதில்லை. வரிசையில் கடைசியாக நிற்பவரைக் கேட்டால் வெயில் எவ்வளவு, நிவாரணம் எவ்வளவு என்று இரண்டு அளவையும் அவரே சொல்வார்.