கோட்டைக்கு 26 ஓட்டு

கேள்வி: யாரை நிறுத்தினாலும் ஜெயிக்கும் 'பாதுகாப்பான தொகுதி' என்று ஒன்று உண்மையிலேயே உண்டா?

பதில்: உண்டு, தோற்கிற வரைக்கும்! சிட்னியின் வடக்குப் புறநகரில் பிராட்ஃபீல்ட் என்றொரு நாடாளுமன்றத் தொகுதி. வசதியானவர்கள் வாழும் பகுதி. 1949-இல் உருவான நாளிலிருந்து லிபரல் கட்சியின் கோட்டை. முதல் உறுப்பினரான முன்னாள் பிரதமர் பில்லி ஹியூஸ், 1952-இல் 90 வயதில் இறக்கும்வரை பதவியை விடவில்லை.

2009 இடைத்தேர்தலில், அப்போது நாட்டை ஆண்ட தொழிற்கட்சியே இங்கே வேட்பாளரை நிறுத்தவில்லை. அந்தக் குறை தெரியக்கூடாது என்றோ என்னவோ, கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி ஒன்றே 9 பேரை இறக்கியது! மொத்தம் 22 பேர் போட்டி, ஜெயித்தது லிபரல்தான்.

2025-இல் வந்தது வினை. லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டுகளை எண்ணி முடித்தபோது லிபரலுக்கு 8 ஓட்டு முன்னிலை. மறு எண்ணிக்கையில் சுயேச்சை நிக்கோலெட் போயல் 26 ஓட்டில் ஜெயித்துவிட்டார். அங்கே வாக்காளர்கள் வேட்பாளர்களை விருப்ப வரிசைப்படி எண்ணிட வேண்டும். முதல் விருப்ப ஓட்டில் லிபரலே முன்னால். கவிழ்த்தவை, போட்டியிலிருந்து கழிக்கப்பட்ட மற்ற வேட்பாளர்களிடமிருந்து கைமாறி வந்த அடுத்த விருப்பங்கள். ஆஸ்திரேலியாவில் ஓட்டுப் போடுவது சட்டப்படி கட்டாயம். அதனால், 'நம்ம ஆளுங்க சாவடிக்கே வரலை' என்று தலைமைக்குச் சாக்குச் சொல்லவும் வழியில்லை, பாவம்!